கேரவன் வேனுக்கு வெளிக் கரண்ட்: திருவொற்றியூர் உப்புக்காற்றில் சில வருட அனுபவம்

டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றிக் குடும்பத்தோடு சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். வண்டி நிற்பது திருவொற்றியூரில், கடலுக்கு மிக அருகில். படுக்கை, சமையல் மேடை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு அதிகம் வேலை வைத்தது வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஒயர்தான். அதை மட்டும் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் கேம்ப் போடும் இடங்களில் வண்டிகளுக்கென்றே நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட் வைத்திருப்பார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. சொந்தக்காரர் வீடோ, லாட்ஜோ, பழவேற்காட்டில் தெரிந்தவரின் தோப்போ, கிடைப்பது சுவரில் இருக்கும் பவர் பிளக் பாயின்ட்தான். அதற்குப் பின்னால் ஒயரிங் எப்படி இருக்கிறது என்று பல சமயம் வீட்டுக்காரருக்கே தெரியாது. தண்டையார்பேட்டையில் எங்கள் வண்டியைப் பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வது இதுதான்: “மொதல்ல செவுத்தப் பாரு தம்பி, அப்புறம் ஒயரு, கடைசியாத்தான் வண்டி.” வண்டிக்குள் ஃபியூஸைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் மல்டிமீட்டரை வைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அந்தச் சோதனையில் முக்கியம் எர்த், அதாவது கசியும் கரண்ட்டைத் தரைக்குக் கொண்டுபோகும் ஒயர். ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் இரண்டு ஒயர் மட்டும் இழுத்து, மூன்றாவது துளையைச் சும்மா விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் ஃபேன், லைட்டுக்கு அது உறைக்காது. வண்டி வேறு கதை. டயர் ரப்பர் என்பதால் வண்டியின் இரும்பு உடம்புக்கும் தரைக்கும் தொடர்பே இல்லை. எர்த் இல்லாமல் சொருகினால், சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக உடம்பில் கிட்டத்தட்ட 115 வோல்ட் வந்து நிற்கும். கதவைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். அந்த அளவோடு நின்றால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் உள்ளே எங்காவது பேஸ் ஒயர் (கரண்ட் வரும் ஒயர்) உரசி உடம்பில் பட்டால், ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைப் பிடிக்கிறவர் கதி என்ன ஆகும்? அதனால் சுர்ரென்றால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். “லேசாத்தானே இருக்கு” என்று விடாதீர்கள்.

மீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் ஒயர்) 230 வோல்ட் சுமார், பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதே பாயின்ட்டில் அடுப்பு மாதிரி பெரிய லோடு ஓடும்போதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பூஜ்யமே காட்டினால் நான் சந்தேகப்படுவேன். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலை எர்த்தோடு முறுக்கிவிட்டிருக்கலாம். அப்படி இருக்கும்போது அதற்கு முன்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், வண்டியின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும். வண்டியில் இருக்கும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆகாது. பேஸிலும் நியூட்ரலிலும் சமமாகக் கரண்ட் போய்வருவதாகத்தான் அதற்குத் தெரியும். அந்த மாதிரி பாயின்ட்டில் நான் வண்டியைச் சொருகுவதே இல்லை, இரவு பேட்டரியில் ஓட்டிக்கொள்வேன்.

அடுத்தது ஒயர். வண்டி கட்டிய பட்டறையில் கொடுத்தது 1.5 சதுர மில்லிமீட்டர், 25 மீட்டர். ஏசியும் இண்டக்ஷன் அடுப்பும் சேர்ந்து 13 ஆம்பியர் இழுத்தால் அதிலேயே 8 வோல்ட் போய்விடும். 2.5க்கு மாற்றியபின் இழப்பு 5 வோல்ட்டுக்குள். கேட்க மூன்று வோல்ட்தான், ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் தெருவுக்கு வரும் வோல்டேஜே 190க்கு இறங்கும்போது ஏசி கம்ப்ரசர் கிளம்புமா, உறுமிக்கொண்டு நிற்குமா என்பதை அந்த மூன்றுதான் முடிவு செய்கிறது. இன்னொன்று, சுருட்டி வைத்த டிரம்மிலிருந்து ஒயரை முழுக்க வெளியே இழுத்துவிட வேண்டும். சுற்றோடு லோடு ஏற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகிவிடும்.

உப்புக்காற்றில் முதலில் போவது பிளக் பின்கள். பித்தளை பச்சையாகப் பூக்கும், சாக்கெட்டின் பிடி தளரும். அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்தாலே 13 ஆம்பியரில் 85 வாட் சூடு அங்கேயே இறங்குகிறது. ஒரு சால்டரிங் அயர்னைப் பிளக்குக்குள் செருகி வைத்த மாதிரி. எங்கள் பழைய அடாப்டரில் ஒரு துளை அப்படித்தான் கருகியது. இப்போது வண்டி பக்கத்தில் வெளி ஒயரைச் சொருக, மூடியுள்ள நீல இண்டஸ்ட்ரியல் இன்லெட் இருக்கிறது. அதுதான் இத்தனை மாற்றங்களில் நான் மனதாரப் பரிந்துரைப்பது. சுவர்ப் பக்க பிளக்கை மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கிறேன். அரை மணி நேரம் லோடு ஓட்டியபின் கையால் தொட்டுப் பார்ப்பதும் வழக்கம். வெதுவெதுப்பைத் தாண்டினால் சாக்கெட்டை மாற்றச் சொல்வேன்.

மழைக்காலத்தில் ஆர்சிசிபி அடிக்கடி விழும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். சார்ஜர், அடுப்பு, டிவி எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கசியவிட, கீஸர் காயில் ஈரம் இழுத்திருந்தால் கணக்கு சரியாக முடிந்தது. எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனி பிரேக்கர் ஸ்விட்ச்) இறக்கிவிட்டு ஒன்றொன்றாக ஏற்றினால் ஆள் பிடிபடும். ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும் என்பதால் சில சமயம் நியூட்ரல் வழிக் கசிவு தொடரும். அப்போது ஒவ்வொரு சாதனத்தின் பிளக்கையே பிடுங்கிப் பார்க்க வேண்டும். எரிச்சலில் ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இணைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகள் தூங்குகிற வண்டி அது.

கரண்ட் வருகிறது, ஏசி ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை என்றால் சார்ஜரைக் குறை சொல்லும் முன் இரண்டு இடத்தில் மீட்டர் வையுங்கள். சார்ஜர் முனையில் 14.2 வோல்ட்டும் பேட்டரி முனையில் 12.6ம் காட்டினால் சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் ஃபியூஸ் போயிருக்கும், இல்லையென்றால் ஒயர் முனையில் இருக்கும் உலோக லக் துருப்பிடித்திருக்கும்.