கோத்தகிரியில் பிரிவெட் வேலி: பத்து வருஷத்துக்கு மேல் வெட்டி வளர்த்ததில் தெரிந்தவை

மறைப்புக்கும் காற்றைத் தடுக்கவும் பிரிவெட் நல்ல செடி. ஆனால் வெட்ட ஆள் இல்லாத வீட்டுக்கு அது சரிவராது. கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்பக்கம் நிற்கும் வேலிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. மார்பளவு உயரம், அடிவரைக்கும் இலை. சாலையில் போகிறவர்களுக்கு வாசல் தெரியாது. நாங்கள் வைத்தது ஜப்பானைப் பூர்வீகமாகக் கொண்ட இனம். இங்கிலாந்தில் வீட்டு முன்வேலியாக நிற்பதும் பெரும்பாலும் இதுதான்.

நடவுக்கு இங்கே மழைதான் கணக்கு. தொட்டபெட்டா மறைத்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் அவ்வளவு மூர்க்கமாக அடிக்காது. அந்தச் சாரலில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையையும் குடித்து, பனிக்காலத்துக்குள் வேர் பிடித்துவிடும். தனித்தனிக் குழி வேண்டாம். ஓரடி ஆழத்துக்கு நீளமாக ஒரே பள்ளம் எடுத்து, தொழு உரம் கலந்து, செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டு நட்டோம். இரண்டு வரிசையாக வைப்பதென்றால் 45 செ.மீ. விட்டு மாற்றி மாற்றி நடலாம். எல்லாச் செடியையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்துக்கு முற்றிய குச்சியை வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு நிழலில் ஊன்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

நட்டு முடித்த கையோடு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குத்தான் யாருக்கும் மனசு வராது. எங்களுக்கு உதவிக்கு வந்தவர் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலை பார்த்தவர். எல்லாச் செடியையும் அரையடி உயரம் மட்டும் விட்டு வெட்டிவிடச் சொன்னார்.

“இப்பத்தானே அண்ணே வச்சோம், அதுக்குள்ள வெட்டுறதா?”

“தேயிலைக் கன்னுக்கு நடுக்குருத்தை வெட்டித்தானே பக்கக் கிளை விடவைக்கிறோம்? இதுவும் அதே வேலைதாங்க.”

அவர் சொன்னதுதான் சரி. வெட்டாமல் விட்ட பிரிவெட் மேலே பச்சையும் கீழே வெறும் குச்சியுமாக நிற்பதை இந்த ஊரில் நிறைய இடங்களில் பார்க்கலாம். முதல் இரண்டு மூன்று வருஷம் புதுத் துளிரில் பாதியை எடுத்துக்கொண்டே இருந்தால்தான் அடி நிறையும். அப்புறம் வடிவம்: அடி அகலம், மேல் குறுகல். தலைகீழாக வெட்டினால் கீழே வெளிச்சம் படாமல் இலை உதிர்ந்துவிடும்.

குளிர்நாடுகளில் வருஷத்துக்கு இரண்டு மூன்று வெட்டு போதும். இங்கே செடி முழுசாகத் தூங்குவதில்லை. கோடை மழை தொடங்கியதிலிருந்து கார்த்திகை வரை ஒன்றரை மாசத்துக்கு ஒருமுறை கத்தரி எடுக்க வேண்டியிருக்கிறது. தேயிலை பறிக்கிற கத்தரியே மேல்தளத்துக்கு அருமையாக உதவுகிறது. பக்கவாட்டுக்கு நீளக் கத்தரிதான் சரி. பனி மாசங்களில் வெட்டவே வேண்டாம், துளிர் கருகிவிடும்.

இவ்வளவு வேலை இருந்தும் சைப்ரஸை விட இதுவே மேல் என்பேன். சைப்ரஸில் பச்சையைத் தாண்டி உள்மரத்தில் வெட்டினால் அந்த இடம் மொட்டையாகவே நிற்கும். பிரிவெட்டைக் கட்டையளவுக்கு வெட்டினாலும் துளிர்க்கும். கைமீறி வளர்ந்த வேலியை ஒரு வருஷம் ஒரு பக்கம், மறுவருஷம் மறுபக்கம் என்று ஒட்ட வெட்டிச் சரிசெய்யலாம். எங்கள் வேலியில் காட்டெருமை புகுந்த இடத்தையும் இந்தக் குணத்தை நம்பித்தான் சரிசெய்கிறோம். முள் கிடையாது, கிளை வளையும், ஆகக் காட்டெருமை அது பாட்டுக்கு உள்ளே நடந்து வரும். உடைந்த இடத்தில் புதுக்கன்று வைத்தால் பக்கத்துச் செடிகளின் வேர் அதை எழவிடாது. அருகிலுள்ள தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் பதியன் போட்டால் இடைவெளி அடைந்துவிடும்.

அந்த வேர் பொல்லாதது. மேல்மண்ணிலேயே படர்ந்து ஈரத்தையும் உரத்தையும் இழுக்கும். வேலியை ஒட்டிய பாத்தியில் கேரட் சரியாக இறங்குவதே இல்லை. மூன்றடி தள்ளி விதைப்பது நல்லது.

பொன்னிற இலை வகையும் ஒரு மூலையில் இருக்கிறது. அழகுதான், ஆனால் நடுவில் முழுப்பச்சைக் கிளை கிளம்பும்போதெல்லாம் அதை அடியோடு எடுக்காவிட்டால் பச்சை ஜெயித்துவிடும்.

பூவைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. மல்லிகையும் ஆலிவும் சேர்ந்த குடும்பம்தான் இது. வெள்ளைக் கொத்தாகப் பூக்கும், தேனீ வரும், ஆனால் மணம் கனமானது. எனக்குத் தலைவலிதான் வரும். பூவுக்குப் பின் வருகிற கருநீலக் காயைப் பற்றிக் கருத்தே வேண்டாம், அது விஷம். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். இலையும் மாட்டுக்கு ஆகாது. வெட்டிய தழையைப் பசுந்தழை என்று நினைத்து யாராவது மாட்டுக்கு அள்ளிப் போட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டில் அது நேராக மக்குக்குழிக்குப் போகிறது.

மனுஷனுக்கு விஷமான காயைப் பறவைகள் தின்று விதையைக் காட்டில் போட்டுவிடும். இலங்கையிலிருந்து போன ஒரு பிரிவெட் இனம் மொரீஷியஸிலும் ரியூனியனிலும் காட்டையே அடைத்துக்கொண்டது. உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரமும் நீலகிரியில் செய்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பிரிவெட்டும் ஒன்று உண்டு. பெரோட்டே என்ற பிரெஞ்சுத் தாவரவியலர் பெயரில் லிகஸ்ட்ரம் பெரோட்டெட்டி என்று அழைப்பார்கள். நர்சரியில் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

விதை காட்டுக்குப் போகக் கூடாது என்பதால் மொட்டுக் கட்டுகிற நேரத்து வெட்டை மட்டும் நாங்கள் தள்ளிப் போடுவதில்லை. சோலைக்காட்டை ஒட்டிய பின் எல்லையில் பிரிவெட்டே வைக்கவில்லை. அங்கே கம்பி கட்டி, தவிட்டுப்பழச் செடி நட்டிருக்கிறோம். மெதுவாகத்தான் வளர்கிறது, மறைப்பு என்று சொல்ல இன்னும் வருஷங்கள் ஆகும். பழத்தை மட்டும் பிள்ளைகளும் சின்னான் குருவிகளும் போட்டி போட்டுக் காலி செய்கிறார்கள்.