டிரான்ஸ்கிரிப்ஷனை ஏஜெண்டோடு இணைக்க: கமாண்ட் லைனா, எம்சிபியா?

பதிவு செய்த கூட்டங்களையும் நேர்காணல்களையும் எழுத்தாக்கி, அவற்றிலிருந்து முடிவுகளையும் மேற்கோள்களையும் எடுத்துத் தரும் வேலையை, தானாகவே கருவிகளை இயக்கி வேலையை முடிக்கும் ஏஐ ஏஜெண்டிடம் ஒப்படைக்கலாம் என்று இறங்கினால், முதலில் வரும் கேள்வி இது: ஏஜெண்டையும் டிரான்ஸ்கிரிப்ஷன் சேவையையும் எப்படி இணைப்பது? மூன்று வழி உண்டு. சேவையின் ஏபிஐயை (நிரல்கள் அந்தச் சேவையோடு பேசும் வழி) அழைக்கும் நிரலை ஏஜெண்டையே எழுதச் சொல்லலாம். ஏஜெண்டை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற நெறிமுறையில் பேசும் சர்வர் ஒன்றை மாட்டிவிடலாம். அல்லது டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் சாளரம்) ஓடும் ஒரு கமாண்டைக் கொடுத்து, இதை ஓட்டு என்று சொல்லிவிடலாம். மூன்றையும் ஓட்டிப் பார்த்து நான் தங்கிய இடம் கமாண்ட் லைன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எழுத்தின் தரத்தைப் பற்றி இங்கே பேச ஒன்றும் இல்லை. பின்னால் இருக்கும் சேவை ஒன்றே என்றால், எந்த வழியில் இணைத்தாலும் கிடைக்கும் எழுத்து ஒன்றுதான். வேகமும் அப்படியே.

ஏபிஐயை நேராக அழைக்கும் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரே ஒரு கோப்பை ஒரே ஒரு முறை எழுத்தாக்க வேண்டுமானால் அது போதும். தினமும் நடக்கும் வேலைக்கு ஒத்துவராது. ஏஜெண்ட் ஒவ்வொரு முறையும் நிரலைப் புதிதாக எழுதும். தோற்றால் மறுபடி முயலும் பகுதி நேற்று இருந்திருக்கும், இன்று இருக்காது, நேற்று நேரக்குறியோடு வந்த கோப்பு இன்று வெறும் பத்தியாக வரும். அந்த நிரலைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துகிறீர்கள் என்றால் சரி, நீங்கள் கமாண்ட் லைன் கருவி ஒன்றை எழுத ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஆகவே உண்மையான போட்டி எம்சிபிக்கும் கமாண்ட் லைனுக்கும்தான். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி, ஏஜெண்டுகளுக்கும் வெளிக் கருவிகளுக்கும் நடுவே ஒரு பொது நெறிமுறை. கருவியின் பெயர் என்ன, என்ன உள்ளீடு வேண்டும், எது கட்டாயம் என்பதையெல்லாம் சர்வரே ஏஜெண்டிடம் சொல்லிவிடும். சேவையைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஏபிஐ சாவி சர்வரிடம் இருக்கும், ஏஜெண்டின் கண்ணில் படாது. டெர்மினலே இல்லாத அரட்டைச் செயலிகளிலும் வேலை செய்யும். இவை உண்மையான பலன்கள். கருவியின் பயனர் டெர்மினலைத் திறக்கவே மாட்டார் என்றால் நானும் எம்சிபியைத்தான் சொல்வேன்.

என்னை மறுபக்கம் தள்ளியது ஒரே விஷயம்: எழுத்தாக்கிய உரை எங்கே போய் விழுகிறது?

பல கருவிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. வானிலை கேட்டால் ஒரு வரி வரும், நாட்காட்டியைக் கேட்டால் பத்து வரி வரும். டிரான்ஸ்கிரிப்ஷன் அப்படி இல்லை. ஒரு மணி நேரப் பேச்சு பல ஆயிரம் சொற்கள். தமிழில் ஒரு சொல்லே பல டோக்கன்களாக (ஏஐ மாடல் உரையை எண்ணும் துண்டுகள்) உடையும் என்பதால் கணக்கு இன்னும் ஏறும். சொல்லுக்குச் சொல் தொடக்க நேரம், முடிவு நேரம், நம்பக மதிப்பு என்று ஜேசான் என்ற தரவு வடிவில் கேட்டால் பேசிய உரையைவிட அதைச் சுற்றியுள்ள எண்கள் பல மடங்கு ஆகிவிடும். எம்சிபி கருவி ஒன்று பதில் தந்தால் அது வழக்கமாக ஏஜெண்டின் கான்டெக்ஸ்டுக்குள், அதாவது அது ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்திருக்கும் உரைக்குள், முழுசாக வந்து இறங்கும். ஏஜெண்டுக்கு அதில் தேவைப்படுவது நான்கு வாக்கியமாக இருக்கலாம். ஆனால் மொத்தத்தையும் சுமந்துகொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். சில கருவிகள் நீளமான பதிலை நடுவில் வெட்டியும் விடும். கூட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் எடுத்த முடிவுகள் வெட்டுப்பட்டால் மிச்சத்தை வைத்து என்ன செய்வது?

கமாண்ட் லைனில் உரை கோப்பாக வட்டில் இறங்குகிறது. ஏஜெண்டுக்குத் திரும்பி வருவது ஒரு வரி: கோப்பு இங்கே இருக்கிறது, நீளம் இவ்வளவு, மொழி இது. அப்புறம் ஏஜெண்ட் மனிதர் தேடுவதைப் போலவே தேடுகிறது. 'ஒப்பந்தம்' என்ற சொல்லை கோப்புக்குள் சொல் தேடும் கிரெப் கமாண்டில் போடுகிறது. 812ஆவது வரியில் கிடைக்கிறது. அதற்கு மேலே இருபது வரி, கீழே இருபது வரி மட்டும் எடுத்துப் படிக்கிறது. எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் வடிவில் இருந்தால் மேல் வரியிலேயே 00:41:07,250 என்று நேரம் நிற்கும். அந்த நேரத்தை எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, வீடியோ கருவியிடம் கொடுத்து அரை நிமிட ஒலியை வெட்டி, பேசியவர் உண்மையில் அதைத்தான் சொன்னாரா என்று கேட்டுப் பார்க்க எனக்கு அனுப்பி வைக்கிறது. மேற்கோள் எடுப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த வேலையில் இருப்பவருக்குத் தெரியும்.

எம்சிபி சர்வரும் கோப்பில் எழுதிவிட்டுப் பாதையை மட்டும் திருப்பித் தரலாமே என்று கேட்கலாம். தரலாம். அப்படி எழுதப்பட்ட சர்வர், அதே கணினியில் ஓடும்வரை, இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் அந்தக் கோப்பைத் தேட, வெட்ட, ஒப்பிட மறுபடி ஷெல்தான் (டெர்மினலில் கமாண்டுகளை ஓட்டும் நிரல்) வேண்டும். ஷெல் எப்படியும் வேண்டும் என்றால் நடுவில் இன்னொரு சர்வரை எதற்குப் பராமரிக்க வேண்டும்?

ஒலிக்கோப்பைத் தயார் செய்யும் வேலையும் அதே ஷெல்லில் முடிகிறது. ஓபன்ஏஐயின் ஒலி ஏபிஐ ஒரு கோப்புக்கு 25 எம்பி வரம்பு வைத்திருக்கிறது. 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைச் சானல் வேவ் கோப்பு அந்த வரம்பை சுமார் 13 நிமிடத்தில் தொட்டுவிடும். அதையே 32 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் ஒரு மணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கும். இந்த மாற்றம் எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு வரி. ஏஜெண்டுகளுக்கு அது மனப்பாடம்.

கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதிலும் கமாண்ட் லைன் எனக்குப் பிடிக்கும். ஏஜெண்ட் ஓட்டிய அதே வரியை நான் கையால் ஓட்டிப் பார்க்கலாம். சாவி தவறா, கோப்பு கெட்டதா, இணைப்பு அறுந்ததா என்று அப்போதே தெரிந்துவிடும். எம்சிபியை எஸ்டிடிஐஓ (ஒரே கணினியில் நிரல்களின் உள்ளீடு, வெளியீடு வழியாகப் பேசும் முறை) வழியாக ஓட்டும்போது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில், அதாவது நிரலின் வழக்கமான வெளியீட்டில், நெறிமுறைச் செய்திகளைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. யாரோ சோதனைக்காக விட்டுவைத்த ஒரு பிரிண்ட் வரி போதும், இணைப்பு குழம்பிப்போகும். தேடிப் பிடிக்கச் சிரமமான கோளாறு அது.

ஆனால் மனிதருக்காக எழுதிய கமாண்டை அப்படியே ஏஜெண்டிடம் கொடுத்துவிட முடியாது. நடுவில் நிறுத்தி 'தொடரலாமா?' என்று கேட்கும் கருவி என்றால் ஏஜெண்ட் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும் முன்னேற்றப் பட்டை கான்டெக்ஸ்டைக் குப்பையாக்கும். அதை அணைக்க ஒரு வழி வேண்டும். தோற்றுப்போனால் எக்ஸிட் கோடு (கமாண்ட் முடியும்போது தரும் எண், பூஜ்யம் என்றால் வெற்றி) பூஜ்யமாக இருக்கக் கூடாது, இல்லையென்றால் காலிக் கோப்பை வைத்துக்கொண்டு ஏஜெண்ட் சுருக்கம் எழுத ஆரம்பித்துவிடும். நீண்ட ஒலியை எழுத்தாக்க நேரம் ஆகும். ஏஜெண்டின் ஷெல் அதுவரை பொறுக்காமல் கமாண்டை நிறுத்திவிடக் கூடும். அதனால் அனுப்புவது, நிலை கேட்பது, முடிவை எடுப்பது என்று மூன்று துணைக் கமாண்டுகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. அசெம்பிளிஏஐ போன்ற சேவைகளின் ஏபிஐயே வேலை எண்ணைக் கொடுத்து, முடிந்ததா என்று பிறகு வந்து கேட்கச் சொல்லும் அமைப்புதான், ஆக இது இயல்பாகப் பொருந்தும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒலிக்கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) வைத்து முடிவுக்குப் பெயரிட்டால், ஏஜெண்ட் மறந்துபோய் அதே கோப்பை மறுபடி அனுப்பினாலும் பழைய முடிவே வரும், இரண்டாம் முறை கட்டணம் ஏறாது.

மொழியையும் கமாண்டிலேயே கட்டிவிடுங்கள். ஓபன்ஏஐயின் எழுத்தாக்க மாடலான விஸ்பர் தானாக மொழியைக் கண்டுபிடிக்க முதல் 30 விநாடியைத்தான் பார்க்கும். அங்கே இசை மட்டும் இருந்தால் வேறு ஏதோ மொழி என்று முடிவு கட்டி, மொத்தக் கோப்பையும் அந்த மொழியில் எழுதி வைக்க வாய்ப்புண்டு.

பாதுகாப்பில் கமாண்ட் லைன் பின்தங்குகிறது, இதை மறைக்க வேண்டியதில்லை. ஷெல்லைக் கொடுத்தால் டிரான்ஸ்கிரிப்ஷன் கமாண்டோடு சேர்த்துக் கணினியையே கொடுத்த மாதிரி. என்விரான்மென்ட் மாறியில் (நிரல்கள் படிக்கக் கணினியில் வைக்கும் அமைப்பு மதிப்பு) இருக்கும் சாவியை ஏஜெண்ட் படித்துவிட முடியும். டிரான்ஸ்கிரிப்ஷனில் கூடுதல் ஆபத்து ஒன்றும் உண்டு: பதிவில் யாரோ பேசிய வாக்கியம் எழுத்தாகி ஏஜெண்டின் முன் வந்து நிற்கிறது, அது ஒரு கட்டளை போல இருந்தால் ஏஜெண்ட் அதற்குப் பணிந்துவிடலாம். நான் குறிப்பிட்ட சில கமாண்டுகளுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி கொடுத்து, மற்றவற்றுக்கு ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வைத்திருக்கிறேன். கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து வைத்த தனி கன்டெய்னரில், செலவு வரம்பு வைத்த தனிச் சாவியோடு ஓட்டுகிறேன். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் இடத்தில், ஒவ்வொருவருக்கும் தனி உள்நுழைவு தேவைப்பட்டால், எம்சிபியின் ஏற்பாடுதான் சுத்தமாக இருக்கும்.

நேரலைப் பேச்சை அப்போதைக்கப்போதே எழுத்தாக்கி ஏஜெண்டுக்கு ஊட்டும் வேலையில் நான் அதிகம் இறங்கியதில்லை. அங்கே வெப்சாக்கெட் இணைப்பு திறந்தபடியே இருக்க வேண்டும், உரை துண்டு துண்டாக வந்து பின்னால் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். ஓடி முடிந்து எக்ஸிட் கோடு தரும் கமாண்டுக்கு அது ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. மேலே நான் சொன்னதெல்லாம் பதிவாகி முடிந்த ஒலிக்குத்தான்.