மேக் எஸ்இ/30 எடுக்கலாமா, கிளாசிக் 2 போதுமா?

இரண்டுமே ஆப்பிளின் பழைய கணினிகள், 9 அங்குல கறுப்பு-வெள்ளைத் திரையுள்ள மேக். இரண்டிலும் 16 மெகாஹெர்ட்ஸ் 68030 ப்ராசஸர். ஆனால் 1989-இல் வந்த எஸ்இ/30-க்கு டேட்டா பஸ் (ப்ராசஸருக்குத் தரவு போய்வரும் பாதை) 32 பிட், 1991-இல் வந்த கிளாசிக் 2-க்கு 16 பிட்தான். அதனால் தம்பிதான் மெதுவாக ஓடுவான். ராமும் அவனுக்கு 10 எம்பியோடு சரி. அண்ணனுக்கு 128 எம்பி வரை போடலாம். 8 எம்பியைத் தாண்டினால் ‘மோட்32’ மென்பொருள் வேண்டும். விரிவாக்க ஸ்லாட்டும் எஸ்இ/30-இல் மட்டுமே.

நான் எடுத்தது எஸ்இ/30. வேகம் அதற்குக் காரணமில்லை, பராமரிப்புதான்.

இரண்டு மதர்போர்டிலும் உள்ள அலுமினிய எஸ்எம்டி கெப்பாசிட்டர்கள் (போர்டின் மேற்பரப்பில் ஒட்டிய, மின்னேற்றம் சேமிக்கும் சிறு டப்பிகள்) இத்தனை வருடத்தில் கசிந்திருக்கும். கசிவு செப்புத் தடங்களை அரிக்கும். எஸ்இ/30-இல் பெரும்பாலும் முதலில் ஒலி மங்கும். பிறகு திரையில் பட்டை பட்டையாகக் கோடுகள், ஹார்ட் டிஸ்க் தெரியாமை. கிளாசிக் 2-இல் சதுரங்கக் கட்டம் மாதிரித் திரை வந்தால் முதல் சந்தேகம் இந்தக் கசிவின்மேல்தான். பழைய கெப்பாசிட்டர்களைக் கழற்றியதும், புதியவற்றை வைக்குமுன், போர்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் ஈயம் ஒட்டாது. சந்தேகமான தடங்களை மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (தடம் அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள்.

எஸ்இ/30-இல் பெரும்பாலானவை 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். அலுமினியத்துக்குப் பதில் டான்டலம் வகைக் கெப்பாசிட்டர் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய அலுமினிய டப்பியில் கறுப்புக் குறி மைனஸ், டான்டலத்தில் கோடு பிளஸ். குறிக்குக் குறி வைத்தால் மின்சாரம் கொடுத்ததுமே புகையும்.

பராமரிப்பில் இதுவரை இரண்டும் சமம். வித்தியாசம் பவர் சப்ளையில். எஸ்இ/30-இல் அது தனிப் பெட்டி. அதன் கெப்பாசிட்டர்களும் வயதானவைதான், ஆனால் கெட்டால் பெட்டியை மட்டும் கழற்றி மாற்றலாம். கிளாசிக் 2-இல் பவர் சப்ளையும் திரையை ஓட்டும் சுற்றும் ஒரே அனலாக் போர்டில். அதிலும் கெப்பாசிட்டர் கசியும், 5 வோல்ட் தடுமாறும், மதர்போர்டுதான் கெட்டுவிட்டது என்று நினைக்க வைக்கும். ஆக இரண்டு போர்டுக்கும் வேலை. அதன் பிறகு எவ்வளவு காலம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த போர்டில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு.

எழுதவும் பழைய விளையாட்டுகளுக்கும் மட்டும் என்றால், விலை பாதியாக இருந்தால் கிளாசிக் 2 தாராளமாக எடுக்கலாம்.

எதுவானாலும், பணம் கொடுக்குமுன் நீளமான டி15 டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்க்ரூடிரைவரால் பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். பிக்சர் ட்யூபின் கழுத்தில் கை படாமல். 3.6 வோல்ட் அரை-ஏஏ லித்தியம் பேட்டரி வெடித்து, பக்கத்துச் சிப்களின் கால்களில் துரு ஏறியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால், வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள். கடிகாரமும் சில அமைப்புகளும் மட்டும் மறந்துபோகும்.