பூச்சி தின்னும் செடிக்குப் பூச்சி வந்தபோது: பிடிஐ குருணை, ஆறு வாரத்துக்குப் பிறகு

பசைத்துளி இலைகளால் பூச்சி பிடிக்கும் டிரோசெரா செடியின் விதை முளைத்த தொட்டியில் நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து காணாமல் போனபோது, தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் தொட்டியைத் தட்டியதும் கொசு மாதிரி சின்னதாக, கறுப்பாக நாலைந்து எழுந்து பறந்தன. ஃபங்கஸ் நேட், ஈர மண்ணில் முட்டையிடும் சிறு பூச்சி. பறப்பவற்றால் பெரிய தொல்லை இல்லை, பாதி வளர்ந்த டிரோசெராவின் பசையிலேயே ஒட்டிச் செத்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் புழுதான் பிரச்சினை, பூஞ்சையையும் பாசியையும் தின்றுகொண்டே மெல்லிய வேரையும் கடித்துவிடுகிறது. மண்ணைக் காயவிட்டால் போய்விடும் என்பார்கள், ஆனால் சதுப்பில் வளரும் செடிக்கு அதைச் செய்தால் புழுவோடு செடியும் போய்விடும்.

அதனால்தான் பிடிஐ (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்) குருணை வாங்கினேன். கொசுப்புழுவைக் கொல்லத் தேங்கிய தண்ணீரில் போடுவார்களே, அதே பாக்டீரியா. புழு தின்றதும் குடலின் காரத்தில் நச்சுப் படிகம் கரைந்து குடல் சுவரைத் துளைத்துவிடும். என் செடிகளில் ஒரு இலைகூடக் கருகவில்லை, டிரோசெராவின் பசைத்துளிகளும் அப்படியே இருந்தன, எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

முதல் தடவை குருணையை அப்படியே தொட்டியில் மண்ணாகப் போட்டிருக்கும் பீட் மாஸ் (மக்கிய சதுப்புப் பாசி) மேல் தூவினேன். தப்பு. மூன்றாம் நாள் குருணை முழுக்க வெள்ளைப் பூஞ்சை. இப்போது ஒரு லிட்டர் மழைத்தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, மேலிருந்து ஊற்றுகிறேன். புழு மண்ணின் மேல்பகுதியில்தான் இருக்கும், அதனால் அடித்தட்டில் ஊற்றுவதை நம்ப வேண்டாம். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் இந்தச் செடிகளுக்கு ஆகாது.

முதல் வாரம் எந்த வித்தியாசமும் தெரியாது, அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். தின்னும் புழுவை மட்டும்தான் இது கொல்லும், முட்டையையும் கூட்டுப்புழுவையும் ஒன்றும் செய்யாது, முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால் வாரம் ஒரு தடவை விடாமல் ஊற்ற வேண்டும். எனக்கு நான்காம் வாரத்தில் மஞ்சள் ஒட்டு அட்டையில் விழுவது நன்றாகக் குறைந்தது, ஆறாம் வாரத்தில் அட்டை காலி.

அசுவினி, மாவுப்பூச்சி இரண்டுக்கும் இது உதவாது. இன்னொரு பூச்சி தின்னும் செடியான வீனஸ் ஃபிளைட்ராப்பில் புது இலைகள் கோணலாக வந்தால் அசுவினியாக இருக்கலாம், நான் செடியைத் தொட்டியோடு மழைத்தண்ணீரில் இரண்டு நாள் முழுக்கி வைத்துச் சரிசெய்தேன். சோப்புக் கரைசல் தெளித்த ஒரு டிரோசெராவின் இலைகள் கருகிப்போனதால் அந்தப் பக்கம் போவதில்லை.

மறுபடி வாங்குவேன், சந்தேகமே இல்லை. வாங்கும்போது பாக்கெட்டில் 'இஸ்ரேலென்சிஸ்' என்று இருக்கிறதா பாருங்கள், 'குர்ஸ்டாகி' என்று இருந்தால் அது இதே பாக்டீரியாவின் வேறு வகை, இலை தின்னும் கம்பளிப்புழுக்களுக்கானது.