உதட்டு வெடிப்புக்கு மெடிக்கலில் கிடைப்பவை: எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது

"உதடு வெடிச்சிருக்குண்ணே, ஏதாச்சும் குடுங்க" என்று மதுரையில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் பெரும்பாலும் நான்கில் ஒன்று கைக்கு வரும்: பெட்ரோலியம் ஜெல்லி, வாசனை லிப் பாம், பூஞ்சைக்கான க்ரீம், மூன்று மருந்து கலந்த ட்யூப்.

முதல் மதிப்பெண் வெறும் பெட்ரோலியம் ஜெல்லிக்கு. மணம், நிறம் எதுவும் சேராத வெள்ளை ஜெல்லியாகப் பார்த்து வாங்குங்கள். உதட்டை லேசாக நனைத்துவிட்டு, பாசிப்பயறு அளவு எடுத்து மெல்லியதாகத் தடவ வேண்டும்; சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் அவசியம். டப்பாவைவிட ட்யூப் நல்லது. புண்ணைத் தொட்ட விரலை டப்பாவுக்குள் விட்டால் கிருமியும் கூடவே உள்ளே போகும். இது ஈரத்தைக் காக்கும், அவ்வளவுதான். தொற்றை ஆற்றாது.

புதினா, கற்பூரம், லவங்கப்பட்டை வாசனை கொண்ட லிப் பாம்களைப் பரிந்துரைக்க மாட்டோம். பூசியதும் சில்லென்று இருக்கும். பிறகு எரிச்சல், எரிச்சலால் நாக்கால் நக்குவது, நக்குவதால் மேலும் காய்வது. சிலருக்கு இந்த வாசனைப் பொருட்களே ஒவ்வாமை தரும். டூத் பேஸ்ட்டிலும் அவை இருப்பதால் பாமை மட்டும் நிறுத்திப் பயனில்லை.

வாயின் இரு ஓரமும் வெடித்து, ஈரமாக, வெள்ளை படிந்திருந்தால் கேண்டிடா பூஞ்சையையும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு. க்ளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீம் முக்கியமாகப் பூஞ்சைக்கானது. மைக்கோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கு இந்த பாக்டீரியா மீதும் ஓரளவு வேகம் உண்டு. ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் மைக்கோனசோல் ஜெல்லைத் தொடக் கூடாது; ரத்தம் உறையும் தன்மை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

நான்காவது ட்யூபை வாங்கவே வேண்டாம். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் அதில் இருக்கும். பலவற்றில் இருக்கும் க்ளோபெட்டசால் முகத்துக்கே ஆகாத வீரியம். சிவப்பு சீக்கிரம் அடங்குவதால் குணமானது போலத் தெரியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும், வாயைச் சுற்றிப் பருக்கள் கிளம்பும், தோல் மெலியும். அடியில் இருக்கும் தொற்று மறைந்து நிற்பதுதான் பெரிய கேடு. இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தும்கூட.

மூன்று வாரம் ஜெல்லி பூசியும் ஆறாத உதட்டுக்கு ஐந்தாவது ட்யூப் தேடாதீர்கள். வாயைத் திறந்து பாருங்கள். பல்செட்டு போட்டவர்களுக்கு மேல் செட்டின் அடியில் அண்ணம் சிவந்திருந்தால், பூஞ்சை குடியிருப்பது அங்கேதான். இரவில் கழற்றி, சோப்பும் பிரஷும் கொண்டு தேய்த்து, சுத்தமான நீரில் போட்டு வைக்காதவரை எந்த க்ரீமின் பலனும் நிற்காது. செட்டு தேய்ந்து உயரம் குறைந்துவிட்டால் வாயோரம் மடிந்து எச்சில் தேங்கும்; புதுச் செட்டுதான் மருந்து. அடிக்கடி திரும்பி வந்தால் ரத்தத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பு), வைட்டமின் பி12 பார்க்க வேண்டும்.

உதடு முழுதும் தடித்து, வந்து வந்து போய், பிறகு வற்றாமலே நின்றுவிட்டால் அது வேறு கதை. கிரானுலோமேட்டஸ் கீலைட்டிஸ் என்பார்கள். சிலருக்குப் பல் வேரின் நுனியில் இருந்த சீழை வேர் சிகிச்சையால் நீக்கிய பின் வீக்கம் வடிந்ததாகப் பதிவுகள் உண்டு. எல்லோருக்கும் அப்படி நடக்காது. வலியே இல்லாத பல்லிலும் சீழ் இருக்கலாம் என்பதால் பல் எக்ஸ்ரே தேவை. குடல் அழற்சி, காசநோய் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். சிறு சதைத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வெயிலில் வேலை செய்பவர்கள், வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் கீழுதட்டைக் கவனிக்கவும். செதில் உதிர்ந்தபடி, உதட்டு விளிம்பு மங்கி, ஒரே இடத்தில் ஆறாத புண் இருந்தால் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் இருக்கலாம். அதற்குக் களிம்பு பூசி நாள் கடத்தாதீர்கள்.

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்கோ தனியார் தோல் டாக்டரிடமோ போகும் அன்று உதட்டில் எதுவும் பூசாதீர்கள். ஸ்வாப், அதாவது கிருமி பார்க்கப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்கும் சோதனை, எடுத்தால் முடிவு தெளிவாக வரும். இதுவரை பூசிய ட்யூப்கள், டூத் பேஸ்ட், லிப்ஸ்டிக் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டு போங்கள். பெயர் சொன்னால் போதாது, உட்பொருள் பட்டியல்தான் அவருக்கு வேண்டும்.