பேசத் தெரிந்த கைநாட்டு: ஒலிப்பாடங்களோடு 14 மாதம்

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கம்பெனிக்கு ஜப்பானிய இன்ஜினியர்கள் வந்து போவார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உண்டு. ஆனால் மெஷின் நின்றுபோகும் நேரத்தில் அவர் எப்போதும் வேறு ஷெட்டில்தான் இருப்பார். சென்னையில் ஜப்பானிய மொழி கற்க இடமில்லாமல் இல்லை. ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் படித்தவர்கள் எங்கள் லைனிலேயே இருவர் இருக்கிறார்கள். எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் வகுப்புக்கு வழியில்லை. தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக, வர ஆகும் நேரம் மட்டும் சும்மா கிடந்தது. காசு கட்டி ஓர் ஒலிப்பாடத் தொகுப்பை வாங்கினேன். 90 பாடங்கள், ஒவ்வொன்றும் அரை மணி. குறை சொல்லப் போவதால் அதன் பெயரை விட்டுவிடுகிறேன்.

புத்தகம் கிடையாது. ஆங்கிலத்தில் ஒரு குரல், இன்னதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கும். சில நொடி இடைவெளி விடும். அதற்குள் நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ஜப்பானியர் ஒருவர் சரியான விடையைச் சொல்வார். இந்த வகைப் பாடங்களுக்கு அடிப்படை, அமெரிக்க மொழியியலாளர் பால் பிம்ஸ்லர் 1967-இல் வெளியிட்ட ஞாபக அட்டவணை. 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள் என்று ஒரு சொல்லைத் திரும்பக் கேட்கும் இடைவெளி ஏறக்குறைய ஐந்து மடங்காக விரிந்துகொண்டே போகும். சொல் நழுவப் போகிற நேரம் பார்த்துக் கேள்வி வந்து நிற்கும். கடன்காரன் மாதிரி.

பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. முணுமுணுத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஏதாவது ஜபமா?" என்றார். முணுமுணுப்பில் பாதிதான் ஏறுகிறது என்பது பத்தாவது பாடத்தில் தெரிந்தது. அதன்பிறகு விடியற்காலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்வது, பஸ்ஸில் அதே பாடத்தை இன்னொரு முறை கேட்பது என்று வைத்துக்கொண்டேன். 90 பாடம் முடிய 14 மாதம் ஆனதற்கு இது பாதிக் காரணம். மீதி சோம்பல்.

உச்சரிப்பில் நமக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஒபஸன் என்று குறிலில் சொன்னால் அத்தை, சித்தி வயதுப் பெண்மணி. ஒபாஸன் என்று நீட்டினால் பாட்டி. குறில் நெடில் பார்த்தே வளர்ந்த காதுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நம் வாய் தானாகவே மெலிவிக்கிறதே, அது காலை வாரியது. வானிலைக்கு அவர்கள் சொல்லும் சொல்லையும் மின்விளக்குக்குச் சொல்வதையும் என் நோட்டில் தெங்கி என்றே எழுதி வைத்திருந்தேன். முதலாவதில் தகரமும் ககரமும் அழுத்தமான வல்லொலி. இரண்டாவதில் தொடக்கமே 'டெல்லி'யின் டகரம் போல மெலிந்த ஒலி. ஒரு காலையில் ஜப்பானிய இன்ஜினியரிடம் "நல்ல வானிலை, இல்லையா" என்று சொல்வதாக நினைத்து நல்ல விளக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் மரியாதையாக அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்த்துவிட்டு "ஆமாம்" என்றார். அன்றே அந்த நோட்டை மூட்டை கட்டினேன். ஒலிப்பாடம் கேட்கிறவர்கள் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. காதுக்கு வந்ததைக் காதிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

என் பெரிய குறை, பாடம் ஆங்கிலத்தின் வழியாக வருவது. முதல் 30 பாடங்களில் ஆங்கில வாக்கியத்தைக் கேட்டு, அதைத் தலைகீழாகப் புரட்டி, ஜப்பானியத்தில் கொட்டிக்கொண்டிருந்தேன். விடை சொல்லும் முன்பே நேரம் முடிந்துவிடும். பிறகு ஒருநாள் "இத்தெ கிமஸ்" வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் சொல்வது. ஆங்கிலக் குரல் 'நான் கிளம்புகிறேன்' என்பது போல ஏதோ சொல்லிக் கடந்துபோனது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'போய்' என்பது ஒரு துண்டு, 'வருகிறேன்' என்பது இன்னொரு துண்டு. அட, போயிட்டு வரேன்! வாசலில் நின்று 'போறேன்' என்று சொன்னால் பாட்டியிடம் திட்டு வாங்கிய நமக்கு இதற்கு ஆங்கில விளக்கம் எதற்கு? வீட்டில் இருப்பவர் சொல்லும் மறுமொழியும் 'போயிட்டு வாங்க'தான்.

அன்றிலிருந்து ஆங்கிலக் கேள்வி வந்ததும் மனதில் தமிழாக்கிக்கொண்டு விடை சொன்னேன். வேகம் கூடிவிட்டது. வினைச்சொல் கடைசியில் வருகிறது, உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. கேள்விக்கு நாம் 'ஆ' சேர்ப்பது போல அவர்கள் 'க' சேர்க்கிறார்கள். சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்பதில் நம்முடைய 'பார்' எப்படி நிற்கிறதோ, அப்படியே அவர்களுடைய 'பார்'. வாங்கி வைக்கிறேன் என்பதில் 'வை'யும் அப்படியே. "போகலையா?" என்றால் நாம் "ஆமா, போகல" என்போம். அவர்களும் அதே 'ஆமா'தான். சுட்டுச் சொற்கள் இன்னும் வேடிக்கை: கொரெ, ஸொரெ, அரெ, தொரெ. அதாவது இது, உது, அது, எது. கேட்பவர் பக்கம் இருப்பதைச் சுட்டும் உது நம்மிடம் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இன்றும் சொல்வதால் எனக்கு உடனே பிடிபட்டது. (சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவே உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் போகட்டும், படிக்கிறவனுக்கு லாபம்.)

பாடங்கள் முடிந்த பிறகு மூன்று வாரப் பயிற்சிக்கு ஜப்பானின் ஹமமாட்சு நகருக்கு அனுப்பினார்கள். சரி, இனிதான் நிஜப் பரீட்சை. வழி கேட்டேன், விலை கேட்டேன், ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். விடையும் புரிந்தது. பயிற்சிக் கூடத்தில் நான் பேசும்போது எதிரில் இருந்தவர் வரிக்கு வரி "ஹாய்" (ஆமாம்) என்றார். எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறார் என்று நினைத்து மகிழ்ந்தேன். கடைசியில் "யோசித்து வைக்கிறேன்" என்று முடித்தார். அது முடியாது என்பதற்கான நாகரிகமான சொல். நம் ஊரில் 'பார்க்கலாம்' என்பார்களே, அது. அந்த "ஹாய்" எல்லாம் கதை கேட்கிறவர் 'ம்' கொட்டுவது மாதிரிதான். 90 பாடத்தில் ஒன்றாவது இதைச் சொல்லியிருக்கலாம். பீர் வேண்டுமா, சாக்கே வேண்டுமா என்று கேட்கப் பழக்கியதற்குக் குறைவில்லை.

கடை கவுன்டரிலும் திணறினேன். பை வேண்டுமா (2020 ஜூலையிலிருந்து அங்கே பிளாஸ்டிக் பைக்குக் காசு), சூடு பண்ணித் தரவா என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். பாடத்தில் பேசியவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசியவர்கள். கவுன்டரில் நிற்கும் பையனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

முழுத் தோல்வி என்றால் ராமென் என்னும் நூடுல்ஸ் கடை. வாசலில் ஒரு இயந்திரம், 30 பொத்தான்களுக்கு மேல். பணத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதைக் கொடுத்தால் சாப்பாடு. எல்லாம் எழுத்து, படம் இல்லை. 14 மாதம் படித்தவனுக்கு ஓர் எழுத்து தெரியாது. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்திச் சீட்டைக் கொடுத்தேன். ஒரு கிண்ணம் வெறும் சோறு வந்தது. அடுத்த நாள் அதே இயந்திரத்தின் முன் நின்று, பின்னால் இருந்த பெரியவரிடம் "சுமிமஸென், கொரெ வ நன் தெஸ் க" (மன்னிக்கணும், இது என்ன?) என்று ஒவ்வொரு பொத்தானாகக் கேட்டேன். அவர் பொறுமையாக வாசித்துக் காட்டினார். பன்றி, கோழி, முட்டை எல்லாம் புரிந்தது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் ஹிரகானா, கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்துகளை எழுதிப் பழக ஆரம்பித்தேன். டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்ஃபைவ் எழுதலாம் என்று இருக்கிறேன். அந்தத் தேர்வில் பேச்சுக்குத் தனிப் பகுதியே கிடையாது. 14 மாதமாகப் பேச மட்டும் பழகியவன் அங்கே போய் உட்காரப் போகிறேன். பஸ்ஸில் இப்போது ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே வேர்ல்ட் தரும் இலவசப் பாடங்களைக் கேட்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு காதொலிப்பானை வாங்கி மாட்டிக்கொண்டார். அவர் வாய் மட்டும் இன்னும் திறக்கவில்லை.