ஆர்22-ல் ஒன்பது வருடம்: விபத்துகள் எங்கிருந்து வருகின்றன

ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரில் முதலில் மாணவனாக வலது இருக்கையில் உட்கார்ந்தேன், அப்புறம் பயிற்சியாளராக இடது இருக்கைக்கு மாறினேன். இரண்டும் சேர்த்து ஒன்பது வருடம், ஏறக்குறைய 1,900 மணி நேரம். புதிதாகச் சேர வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இது அடிக்கடி விழுகிற வண்டியாமே, இதில் கற்றுக்கொள்ளலாமா? கற்றுக்கொள்ளலாம் என்பது என் பதில். ஆனால் தவறு செய்தால் திருத்திக்கொள்ள இந்த வண்டி எவ்வளவு அவகாசம் தரும் என்பதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள், ஏனென்றால் இதன் விபத்துகளில் பெரும்பாலானவை அந்த அவகாசம் போதாமல் போனவைதான்.

பிராங்க் ராபின்சன் 1973-ல் தொடங்கிய நிறுவனம், 1975-ல் முதல் ஆர்22-ஐப் பறக்கவிட்டு 1979-ல் சான்றிதழ் வாங்கியது. தனி ஆள் சொந்தமாக வைத்து ஓட்டிக்கொள்ளத்தான் அவர் இதை வடிவமைத்தார், பயிற்சிக்காக இல்லை. செலவு குறைவு என்பதால் பயிற்சிப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. இரண்டே இருக்கை, ஆட்களும் எரிபொருளும் சேர்த்து அதிகபட்ச எடை 622 கிலோ, மேலே சுழலும் லேசான இரண்டு இறக்கைகள், அதாவது ரோட்டர். அந்த லேசு என்பதைக் கவனியுங்கள். கனமான ரோட்டர் என்றால் எஞ்சின் நின்ற பிறகும் அதில் சேர்ந்திருக்கும் சுழல் வேகம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இதில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. எஞ்சின் நின்றதும் கலெக்டிவை (இறக்கைகளின் கோணத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) இறக்க உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நொடி.

ரோட்டர் சுழற்சி 97 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹாரன் அடிக்கும். 80 சதவீதம், அதோடு ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போனால் இறக்கை ஸ்டால் ஆகிவிடக்கூடும், அதாவது தூக்கும் விசையை இழந்துவிடக்கூடும் என்கிறது ராபின்சன் நிறுவனத்தின் பாதுகாப்புக் குறிப்பு. நாலாயிரம் அடியில் 84 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சி குறைகிறது, வண்டி இறங்குகிறது, இறங்குகிறதே என்று ஓட்டுபவர் கலெக்டிவைத் தூக்குகிறார், தூக்கியதும் இறக்கையின் கோணம் கூடி இழுவிசை அதிகமாகி சுழற்சி இன்னும் குறைகிறது. ஸ்டால் ஆன பின் வண்டி கல் மாதிரி விழும்போது காற்று கீழிருந்து வருவதால் கோணம் மேலும் கூடும், பின்பக்கம் சாய்ந்த இறக்கை வால் பகுதியையே வெட்டிவிடலாம். அதற்கப்புறம் அந்த ரோட்டரை மீட்க வழியே கிடையாது.

எனக்கு இது நேரடியாகப் புரிந்தது ஒரு மாணவரின் விரல்களைப் பார்த்தபோது. வெயில் நேரம், இரண்டு பேரும் கனமானவர்கள், டாங்க் நிறைய எரிபொருள். அவருக்கு அது ஏழாவது மணி நேரம். தரையிலிருந்து எழும்பி மரங்களைத் தாண்டப் போகிறோம், த்ராட்டிலை (எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் பிடி) அவர் இறுகப் பிடித்திருக்கிறார், விரல் முட்டிகள் வெளுத்திருக்கின்றன. சுழற்சியைத் தானே சரிசெய்யும் கவர்னர் கருவி இதில் உண்டு. ஆனால் அது த்ராட்டிலை மெல்லத் திருப்பித்தான் வேலை செய்கிறது, இறுக்கிப் பிடித்த கையை அதனால் மீற முடியாது. ஹாரன் அடித்தது. அவர் மரங்களைப் பார்த்து இன்னும் தூக்கினார். "விரலைத் தளர்த்துங்க, தளர்த்துங்க" என்று சொல்லிக்கொண்டே நான் கலெக்டிவை இறக்கி த்ராட்டிலைத் திறந்தேன். ஊசி 93-ஐத் தொட்டுத் திரும்பியது. மரங்களைப் பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு போய் வெட்டவெளியில் இறக்கினேன். தவறு என்னுடையதுதான். எடையும் வெப்பமும் அப்படி இருக்கும்போது மரங்களை நோக்கிய அந்தப் பாதையை நான் தேர்ந்தெடுத்திருக்கவே கூடாது. அவர் பிடித்த பிடியை ஏறும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

விமானம் ஓட்டிப் பழகியவர்கள் ஹெலிகாப்டருக்கு வரும்போது இதில் தனிச் சிக்கல் உண்டு. விமானத்தில் எச்சரிக்கை ஒலி கேட்டால் மூக்கைக் கீழே தள்ள வேண்டும், ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கு அது கையில் ஊறிப்போயிருக்கும். இங்கே அதே கை சைக்ளிக்கை (வண்டியைச் சாய்த்துத் திசை கொடுக்கும் தண்டு) முன்னால் தள்ளினால் அடுத்த ஆபத்துக்குள் நேராகப் போய்விடுவார். அவர்களுக்கு நான் கூடுதல் நேரம் ஒதுக்குவதே இதனால்தான்.

அந்த அடுத்த ஆபத்து மாஸ்ட் பம்பிங், அதாவது ரோட்டரைத் தாங்கிச் சுழற்றும் மாஸ்ட் தண்டில் ரோட்டரின் மையம் மோதுவது. ஆர்22-ன் இரண்டு இறக்கைகளும் ஊஞ்சல் பலகை மாதிரி நடுவில் தொங்குகின்றன. சைக்ளிக்கை முன்னால் வெடுக்கென்று தள்ளினால் ரோலர் கோஸ்டரின் உச்சியில் போல உடம்பு லேசாகும். அந்தக் கணத்தில் ரோட்டரில் பாரம் இல்லை, வால் ரோட்டரோ விடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது, வண்டி வலது பக்கம் உருளும். எவருக்குமே முதலில் தோன்றுவது இடப்பக்கம் சைக்ளிக் கொடுப்பதுதான், அதுதான் கொல்கிறது: ரோட்டர் மட்டும் சாயும், உடல் கூட வராது, மையம் மாஸ்டில் மோதி அதை முறித்துவிடும். முதலில் சைக்ளிக்கை மென்மையாகப் பின்னால் இழுத்து ரோட்டருக்குப் பாரம் கொடுக்க வேண்டும், அதன்பிறகுதான் உருளலைச் சரிசெய்யலாம். இதைப் பறந்து செய்துகாட்டவும் முடியாது, அப்படித் தள்ளுவதைக் கையேடே தடைசெய்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து வாயால் விளக்கி, கையில் பழக்கமாக்க வேண்டிய பாடம் இது. பலமான காற்றில் வேகத்தைக் குறைத்துவிடுவது, மோசமானால் கிளம்பாமலே இருப்பது, இவைதான் என் வழக்கம்.

1992-ல் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டுக்கு அருகே ஓர் ஆர்22 பயிற்சிப் பறப்பின்போது வானிலேயே சிதறியது. பாடத்தை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்ததால் அந்த நாடா விசாரணைக்குக் கிடைத்தது. அதுவரை நடந்த இதுபோன்ற விபத்துகளையும் சேர்த்துப் பார்த்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1995-ல் ஆர்22, ஆர்44 இரண்டுக்கும் தனிப் பயிற்சி விதி கொண்டுவந்தது: தனியாகப் பறக்கும் முன் ஆர்22-ல் பயிற்சியாளருடன் குறைந்தது 20 மணி நேரம், சொல்லிக்கொடுப்பவருக்கும் தனித் தகுதி. 1996-ல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்துகளைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. நியூசிலாந்திலோ விசாரணை ஆணையம் 2016-ல் ராபின்சன் ஹெலிகாப்டர்களின் மாஸ்ட் பம்பிங்கைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆக விதி வந்ததோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை.

சரி, உயிர் போகாத, ஆனால் அடிக்கடி வண்டியை நொறுக்குகிற விபத்துகள் தரையோரம் நடப்பவை. வண்டியைத் தரையில் தாங்கும் சறுக்குக் கால்களில் (ஸ்கிட்) ஒன்று புல்லிலோ சேற்றிலோ மாட்டிக்கொள்ள, மறுபக்கம் எழும்ப, வண்டி அந்த ஸ்கிட்டைச் சுற்றியே கவிழும். டைனமிக் ரோல்ஓவர் என்கிறோம். 5 முதல் 8 டிகிரி வரை சாய்ந்துவிட்டால் சைக்ளிக்கால் மீட்கவே முடியாமல் போகலாம், கலெக்டிவை நிதானமாக இறக்குவதுதான் வழி. ஆர்22-ல் பயிற்சியாளருக்கு இதில் இன்னொரு தொல்லை. சைக்ளிக் நடுவில் ஒரே தண்டு, மேலே டி வடிவக் குறுக்குக் கம்பி, மாணவர் தன் பக்கப் பிடியைத் தொடை மட்டத்துக்கு இழுத்தால் என் பக்கப் பிடி நெஞ்சு உயரத்துக்குப் போய்விடும். அரை மணி நேரம் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு காவல் காக்க முடியுமா? முடியாதுதான், ஆனால் காக்க வேண்டும். வண்டி தரையிலிருந்து ஓர் அடியில் இருக்கும்போது கையை மடியில் வைக்கிற பயிற்சியாளருடன் பறக்காதீர்கள்.

எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று பழகும் ஆட்டோரொட்டேஷன் பயிற்சியே நிறைய வண்டிகளை உடைத்திருக்கிறது, இதற்கென்றே நிறுவனம் தனிக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. 100 அடிக்கு வரும்போது சுழற்சி மீட்டரின் பச்சைப் பகுதியில், வேகம் 65 நாட் பக்கம், இறங்கும் வேகம் இயல்பாக, திரும்புதல் முடிந்திருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் உடனே பவர் கொடுத்து மேலே போய்விட வேண்டும். கெட்டுப்போன ஆட்டோரொட்டேஷனைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்ற நப்பாசையில்தான் பலரும் தரையில் மோதுகிறார்கள்.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன. ஈரப்பதமான காற்றில் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும், பவரைக் குறைத்து இறங்கும்போது அதைச் சூடாக்கும் ஹீட் குமிழை முழுதாக இழுக்க மறந்தால் எஞ்சின் சத்தமில்லாமல் நின்றுவிடும். அந்த ஹீட் குமிழுக்குப் பக்கத்திலேயே எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் குமிழ் இருக்கிறது. அவசரத்தில் அதை இழுத்தால் நீங்களே எஞ்சினை அணைத்தவர் ஆகிறீர்கள். அதனால்தான் மிக்ஸ்சர் மேல் மாட்ட ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய் தருகிறார்கள். அது எங்கேயாவது தொலைந்து கிடக்கிற வண்டியில் நான் ஏறுவதில்லை. அப்புறம் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி: மோதும்போது இருக்கை நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் அது. அங்கே டூல் பாக்ஸை வைத்தால் முதுகெலும்புதான் அந்த அதிர்ச்சியை வாங்கும்.

மற்ற வண்டிகளில் எப்படி என்று கேட்பார்கள். ஷ்வைட்சர் 300-ல் மூன்று இறக்கை, கீல்களோடு அமைந்த ரோட்டர், மாஸ்ட் பம்பிங் பயம் இல்லை. ஆனால் தரையில் ஒரு மோசமான தட்டலில் இறக்கைகளின் சமநிலை தவறினால் கிரவுண்ட் ரெசனன்ஸ் என்கிற, பெருகிக்கொண்டே போகும் அதிர்வு வந்து வண்டியை நொடிகளில் உதறிப் பிய்த்துவிடும். அதிர்வைத் தணிக்கும் டாம்பர்களைப் பராமரிப்பதில் சோம்பல் கூடாது. கப்ரி ஜி2 எனக்குப் பிடித்தது. மோதல் தாங்கும் எரிபொருள் டாங்க், அதிர்ச்சி உறிஞ்சும் இருக்கை, கூட்டுக்குள் இருக்கும் வால் விசிறி. ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றுவதால் ஆர்22 பழகியவர்கள் வலது பெடலை வேண்டிய அளவு அழுத்தாமல் விட்டு இடப்பக்கம் சுழன்றுவிடுகிறார்கள். அங்கே தயங்காமல் முழு வலது பெடல் கொடுத்து, சுழல் நிற்கும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

ஆர்22-ஐ விட்டுவிட எனக்கு மனமில்லை. கையின் ஒவ்வொரு அசைவுக்கும் உடனே பதில் சொல்கிற வண்டி, இதில் ஒழுங்காக ஹோவர் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது) பழகியவருக்கு வேறு எதுவும் கஷ்டமாகத் தெரியாது. ஆனால் என் மாணவர்களுடன் ஒன்றை விடுவதில்லை. கிளம்பும் முன் சோதனையில் சுழற்சியை வேண்டுமென்றே குறைத்து ஹாரனை ஒலிக்க வைப்போம், அப்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வேன். முதல் நாட்களில் ஒலி கேட்டதும் தோள் சிலிர்த்துக் கை உறைந்துபோகும், சிலருக்குக் கலெக்டிவ் மேலே கூட வரும். யோசிக்காமலே கை த்ராட்டிலைத் திறந்து கலெக்டிவைக் கீழே அழுத்துகிற நாள் வரும்வரை, அந்த 20 மணி நேரம் முடிந்திருந்தாலும், தனியாகப் பறக்க நான் கையெழுத்துப் போடுவதில்லை.